சிவப்புக் காலிப்பரும் உன் அப்பாவின் விளக்கெண்ணெயும்

தம்பி,

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா செவப்புக் காலிப்பரு?" என்று போன வாரம் போனில் கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். விசில் எதுவும் அடிக்கவில்லை. உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் சண்டையில் போய் முடியும், முழுதாகச் சொன்னால் நீ நடுவிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதாமல் எங்கள் ஓய்வூதியர் சங்கத்து இதழுக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். என்னோடு பணியாற்றிய பலருடைய வண்டிச் சாவி இப்போது அவர்கள் பிள்ளைகளின் மேசை டிராயரில் கிடக்கிறது. அவர்களும் படிக்கட்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் காரை நான் விற்கப் போவதில்லை. பொங்கலுக்கு நீ வரும்போது அது நம் வீட்டு வாசலில்தான் நிற்கும், சிவப்புக் காலிப்பரோடு. இனி காரணம்.

ஆயுத பூசைக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தீர்கள். முந்தின நாள் சாயங்காலம் நீ வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே வண்டியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, டிஸ்க்கெல்லாம் இப்பிடித் துருப்புடிச்சுக் கெடக்குது" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? அந்த வாரம் முழுக்க மழை. வண்டியைக் கழுவி நிறுத்தியதோடு சரி, நான் எங்கும் எடுக்கவில்லை. முதுநகரில் நம் வீட்டுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? நாலு தெரு, ஒரு வலை காயவைக்கும் திடல். ஜன்னல் கம்பியை விரலால் தடவி நக்கினால் உப்புக் கரிக்கும் வீடு நம்முடையது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் வெறும் இரும்பு சிவப்பதற்கு ஒரு ராத்திரி போதும்.

மறுநாள் பூசை. நான் உள்ளே சுண்டலைத் தாளித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். வழக்கம்போல நான் பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். நீ என் பக்கத்தில். அப்பாவும் மருமகளும் குழந்தையும் பின்னால். ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது, முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மிதித்தேன். பிரேக் மிதி காலடியில் எப்போதும்போலத்தான் இருந்தது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தினேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். ஆட்டோவின் பின்புறத்தில் மெல்ல முட்டி நின்றோம். அதில் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்று மடங்கியதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து இரண்டு வண்டியையும் பார்த்தார். "இன்னாம்மா, எலுமிச்சம்பழத்த நசுக்கச் சொன்னா என் ஆட்டோவ நசுக்குறீங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மடங்கிய கன்றைப் பிய்த்து வண்டிக்குள் போட்டுக்கொண்டு போனார். நீ சிரிக்கவில்லை. என்னை இறங்கச் சொல்லிவிட்டு நீயே வண்டியை ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாய். சாவியை ஆணியில் மாட்டாமல் உன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டாய். சாப்பிடும்போது, "அம்மா, இனிமே நீ ஓட்ட வேணாம். வண்டியும் பழசாயிடுச்சு, பிரேக்கெல்லாம் துரு. உனக்கும் முன்ன மாரி காலு வேகமா போவல. பொங்கலுக்குள்ள குடுத்துடலாம்" என்றாய். மருமகள் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். உன் அப்பா வடையை மென்றார். வாயே திறக்கவில்லை. அது ஏன் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தம்பி, நான் வேதியியல் நடத்தியவள். ஒரு சோதனை தவறாகப் போனால் முதலில் கேட்க வேண்டியது "ஏன்?" என்று. அன்றைக்கு நம் வீட்டில் வண்டி ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என் வயதைக் கணக்குப் போட்டீர்கள். நானே கூட ராத்திரி படுத்துக்கொண்டு என் வலது காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். அந்த நேரத்தில் உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நீ சொல்வது சரியாக இருக்குமோ என்று பயமாக இருந்தது.

நீ ஊருக்குப் போன பிறகு வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை நான் எங்கே போவேன் என்று உனக்குத் தெரியும். சிதம்பரம் வடக்கு வீதியில் உன் பெரியம்மாவைப் பார்க்க. அவளுக்கு முட்டி மடங்காது, பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. என் வண்டியின் முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்தால்தான் அவளால் காலை நீட்டி உட்கார முடியும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் வாசல்படியைத் தாண்டி, என்னோடு கோயிலின் நாலு வீதியையும் சுற்றுகிறாள். வரமுடியாது என்று போன் செய்தேன். "சரிடி. நான் நாலு வீதியையும் கட்டில்ல படுத்தே சுத்திக்கிறேன்" என்றாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவள் எடுத்ததும் கேட்டது, "வண்டிய வித்துட்டியா?"

அன்று மத்தியானமே பட்டறை ஏழுமலையை வரச் சொன்னேன். நம் வாசலிலேயே ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டும் வைத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். இதை இதழில் படிப்பவர்களில் கார் இல்லாதவர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: சக்கரத்துக்குப் பின்னால், அதோடு சேர்ந்து சுழலும் ஒரு இரும்புத் தட்டு உண்டு, அதுதான் டிஸ்க். தோசைக்கல்லின் விளிம்பை இடுக்கியால் பிடிப்பதுபோல அந்தத் தட்டை ஓரத்தில் கவ்வுவது காலிப்பர். இடுக்கியின் இரண்டு தாடைகளிலும் பேட் என்னும் கட்டைகள் இருக்கும். மிதித்தால் அவை தட்டை இறுக்கிப் பிடிக்கும், உரசலால் வண்டி நிற்கும். ஏழுமலை பேடைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"டீச்சர், இது இன்னா, பேடு முழுக்க எண்ணெ?"

"பிரேக் ஆயில் லீக்கா?"

"அது இந்த வாசன வராது. இது வெளக்கெண்ண."

உள்ளே நாற்காலியில் உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த பக்கத்தையே மறுபடி திருப்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேப்பரைத் திருப்பும் சத்தத்தை வைத்தே எனக்கு விஷயம் தெரியும்.

"ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன்.

வந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். பூசைக்கு முந்தின நாள் நீ துரு என்று சொன்னது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த மனுஷன். ஆயுத பூசைக்கு முன்னால் எல்லா இரும்பையும் துடைத்து எண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்த பிறகுதான் பொட்டு வைப்பது அவர் பழக்கம். விடியற்காலையில் எழுந்து, பழைய வேட்டித் துணியில் விளக்கெண்ணெயை நனைத்து, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே கையைவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறார். தேய்த்துவிட்டு, அதன்மேல் சந்தனம்.

"எண்ணெ போட்டா வழுக்காதாய்யா?" என்று ஏழுமலை கேட்டார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இவங்கதான் வருஷா வருஷம் மூணு டெஸ்ட் டியூப்ல ஆணியப் போட்டு, எண்ணெ ஊத்தின டியூப்ல துரு வராதுன்னு பாடம் எடுத்தாங்க. நம்ம பையனுக்கு இந்தக் கூடத்துலயே செஞ்சு காட்டினாங்க. நானும்தான பாத்தேன்."

ஏழுமலை குனிந்து ஸ்பேனரைத் தேடினார். அவர் தோள் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். எண்ணெய் துருவைத் தடுக்கும் என்பது உண்மை. எண்ணெய்க் கையோடு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது என்பதும் உண்மைதானே. உரசினால்தான் பிடிக்கும் இடத்தில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். நீ துரு என்றாய், நான் பாடம் நடத்தினேன், அப்பா எண்ணெய் தடவினார். மூன்று பேரும் சேர்ந்து செய்த காரியத்துக்கு என் காலைக் குற்றம் சொல்லிவிட்டோம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். நீ பார்த்துப் பயந்த அந்தச் செந்துரு ஆபத்தே இல்லை. மழையில் நின்ற டிஸ்க்கின் மேல் படியும் மெல்லிய துருவை, நாலைந்து முறை மெல்ல பிரேக் பிடித்தால் பேடே தேய்த்து எடுத்துவிடும். ஓடுகிற வண்டியின் டிஸ்க் எப்போதும் கண்ணாடிபோல இருக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில்தான் துரு உள்ளே இறங்கிக் குழி விழும். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பற்றித்தான் சொல்கிறேன். நீ வேறு எதையாவது நினைத்துக்கொண்டால் அது உன் இஷ்டம்.

எண்ணெய் குடித்த பேடைக் கழுவிப் பயனில்லை என்று ஏழுமலை தூக்கிப் போட்டார். மறுநாள் புதுப் பேடு வாங்கி வந்து மாட்டுவதாகச் சொன்னார். அந்த இடைவெளியில் காலிப்பரைப் பார்த்தேன். தட்டுக்குக் கிடைக்கும் உரசல் அதற்குக் கிடையாது. அதன் உடம்பெல்லாம் துரு செதில் செதிலாக ஏறியிருந்தது. அப்படியே விட்டால் அது முன்பின் நகர உதவும் ஊசிகள் இறுகிவிடும், ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. "இதுக்குப் பெயிண்ட் அடிச்சா என்ன?" என்றேன். "அதெல்லாம் காலேஜ் பசங்க வேல டீச்சர். அடிக்கிறதால பிரேக்கு ஒண்ணும் ஜாஸ்தியா பிடிக்காது" என்றார். பிரேக் கூடுதலாகப் பிடிக்க வேண்டாம், துரு பிடிக்காமல் இருந்தால் போதும் என்றேன். "அப்ப அடிங்க, நான் வேணான்னு சொல்லல" என்று சூடு தாங்கும் பெயிண்டின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கடையில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருந்தன. "யாருக்கும்மா, பையனுக்கா?" என்று கேட்டான் கடைக்காரன். எனக்குத்தான் என்றேன். யோசித்துப் பார்த்தால் மஞ்சள்தான் சரி. துரு எட்டிப் பார்த்தாலும் எங்காவது கசிந்தாலும் அதில் உடனே தெரியும். இருந்தும் சிவப்பை எடுத்தேன். உன் கேள்விக்குப் பதில் இதுதான், தம்பி: எனக்குப் பிடித்திருந்தது. பணிக்காலம் முழுவதும் சிவப்பு மையை மற்றவர்களின் தப்பைக் காட்டத்தான் பயன்படுத்தினேன். ஒரு தடவையாவது எனக்காக இருக்கட்டும்.

வேலையை எப்படிச் செய்தேன் என்பதையும் கேள். பலகை ஒன்றைப் போட்டுச் சக்கரம் இருந்த இடத்தின் முன் உட்கார்ந்தேன். பிரேக்கில் படிந்திருக்கும் தூசு நெஞ்சுக்குக் கெடுதல், அதனால் வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். கம்பி பிரஷால் செதிலை உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் துடைப்பதற்கென்றே விற்கும் திரவத்தால் கழுவிக் காயவிட்டேன். டிஸ்க்கையும் அதே திரவத்தால் எண்ணெய் வாடை போகும்வரை துடைத்தேன். பிறகுதான் பொறுமை வேண்டிய வேலை. டிஸ்க், ரப்பர் உறைகள், குழாய், காற்றெடுக்கும் சின்னத் திருகு, நகரும் ஊசிகள் எல்லாவற்றையும் காகிதமும் டேப்பும் ஒட்டி மூடினேன். பெயிண்ட் படக்கூடாத இடத்தை மூடுவதுதான் வேலையில் பாதி. உன் அப்பா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுத்தார். "இதுலயாவது நான் எண்ணெ தொடக்கூடாதுன்னு இப்பவே சொல்லிடு" என்றார். மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று. மறுநாள் ஏழுமலை வந்து, ஊசிகளுக்கு மட்டும் அதற்குரிய கிரீஸ் வைத்து, புதுப் பேடு போட்டார். கிரீஸுக்கும் இடம் உண்டு, அது அந்த இடத்தோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது பக்கத்துக்குப் பூசிக்கொண்டிருந்தபோதுதான் நீ அனுப்பிய ஆள் வந்தார். காடாம்புலியூர்க்காரர், முந்திரி வியாபாரம். உன் நண்பனுக்கு மாமாவாம். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி வண்டியக் குடுத்துடறதா சொன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வண்டி யாரு பேர்ல இருக்குன்னு தம்பி சொன்னாரா?"

"உங்க பேர்லன்னுதான் சொன்னாரு."

"அப்போ நான் சொல்லணும் இல்ல?"

அவர் கொஞ்சம் சிரித்து, குனிந்து பார்த்தார். "இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தா பொண்ணு ஜடை பின்னிக்கிட்டு இருக்குது" என்றார். நான் பிரஷை வைத்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். தன் வண்டியும் முந்திரிக் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்பதாகவும், எடுக்கும்போது பின் சக்கரம் சுற்றாமல் இழுபடுவதாகவும் சொன்னார். கழுவிய ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். உள்ளே ஒட்டிக்கொள்ளும், சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், கழுவினால் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள் என்றேன். போகும்போது அந்தச் சிவப்பைப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம்தான் உனக்கு வந்தது. "இந்த வண்டிய உங்கம்மா குடுக்க மாட்டாங்க" என்றும் எழுதியிருப்பாரே. அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நீ சாவியைக் கொண்டு போய்விட்டாய். மாற்றுச் சாவி என் புடவை அலமாரியில் இருப்பது உனக்குத் தெரியாது. ஏழுமலையை முதலில் ஓட்டச் சொன்னேன், பிறகு அவர் பக்கத்தில் இருக்க நான் ஓட்டினேன். ஆளில்லாத கடற்கரைச் சாலையில் நிதானமான வேகத்தில் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தோம். "நில்லுங்க" என்று அவர் முன்னறிவிப்பில்லாமல் சொல்வார், நான் மிதிக்க வேண்டும். அப்படித்தான் ஒரு பிள்ளை பாடம் படித்திருக்கிறதா என்று நானும் பார்ப்பேன். திரும்பி வரும்போது, "காலு நல்லாத்தான் இருக்குது டீச்சர்" என்றார். கண்ணையும் சோதித்துக்கொண்டேன். இருட்டில் நான் ஓட்டுவதில்லை, மழையில் ஓட்டுவதில்லை. என்றைக்காவது அந்தக் கால் உண்மையாகவே பிந்தினால் அன்றைக்கே சாவியை நானே எடுத்து வைத்துவிடுவேன். சோதித்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் சொன்னால் கேட்பேன். பிறந்த தேதியைப் பார்த்துச் சொன்னால் கேட்க மாட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் போனேன். அப்பா பின் சீட்டில். பாதி வழிவரை மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர், புதுச்சத்திரம் தாண்டியதும் கையை எடுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். வடக்கு வீதி திரும்பும்போது மாலை விற்கும் பெண் ஒருத்தி கூடையோடு குறுக்கே வந்தாள். மிதித்தேன். நின்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். பிரேக் நன்றாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

உன் பெரியம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், நல்ல புடவை கட்டி, பை தோளில். வண்டியருகே வந்ததும் கைத்தடியால் சக்கரத்தைத் தட்டினாள். "என்னடி, சக்கரத்துக்கு மருதாணி வச்சிருக்க" என்றாள். நாலு வீதியையும் சுற்றினோம். அவள் இன்னொரு தடவை என்றாள், மறுபடி சுற்றினோம்.

இதை எழுதும்போது உன் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். "வெளக்கெண்ணன்னு போடாத, எண்ணென்னு மட்டும் போடு" என்றார். தலைப்பைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அவனுக்குத் தெரியட்டும். உன் காலு மேல பழி போட்டப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

பொங்கலுக்கு நீங்கள் பகல் ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனுக்கு நான்தான் வருவேன். நீ முன் சீட்டில் உட்கார், கேட் இறங்கினால் நான் எப்படி நிறுத்துகிறேன் என்று பார். பார்த்துவிட்டுப் பேசு, அப்போது கேட்கிறேன்.

அதற்கு முன் உன் வண்டி. திருவான்மியூரில் உன் அடுக்ககமும் கடலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆபீசுக்குக் கம்பெனி கேப் வருகிறது, உன் கார் வாரக்கணக்கில் கீழே நிற்கிறது. அதன் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் உனக்கு வயது குறைவு. சிவந்திருந்தால் பதறாதே, எண்ணெய் தடவாதே. நாளைக் காலையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போய், முன் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் அடித்து அந்தத் தட்டை ஒரு தடவை பார்.

அம்மா